எலிசே மாளிகையும் பிளாக்பெர்ரியும்

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸிலிருந்து வெளிவரும் 'லெ மோந்து' நாளிதழில் ஒரு செய்தி வந்தது. குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகையிலும் அமைச்சகங்களிலும் பணிபுரிபவர்கள் பிளாக்பெர்ரி கைப்பேசியைப் பயன்படுத்தக் கூடாது என்று தேசியப் பாதுகாப்புப் பொதுச் செயலகம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது என்பதே அந்தச் செய்தி. சுற்றறிக்கை புதிதல்ல. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்பே ஒருமுறை போயிருக்கிறது. யாரும் கண்டுகொள்ளாததால் மறுபடியும் அனுப்ப வேண்டி வந்தது. அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியவர்களுக்கு இதிலேயே பாதிக் கதை விளங்கிவிடும். ஒரே விஷயத்துக்கு இரண்டாம் சுற்றறிக்கை வருகிறது என்றால், முதலாவது கோப்பில் தைக்கப்பட்டுத் தூங்கிவிட்டது என்று அர்த்தம்.

பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில் அமைந்துவிட்டதால் அந்த நாட்டுச் செய்திகளைப் படிக்கும் வழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. அந்தக் கைப்பேசி விவகாரத்தை அன்றிலிருந்து விடாமல் கவனித்து வருகிறேன். இன்று எல்லா அலுவலகங்களிலும் இதே பிரச்சினைதான். ஊழியரின் கையில் இருக்கும் போனில் அலுவலக ரகசியம் இருக்கிறது; அதற்குப் பூட்டுப் போட வேண்டும்; பூட்டு இறுகினால் ஊழியருக்கு வேலை ஓடாது. இந்த இழுபறியை முழுதாகப் பார்க்க வேண்டுமானால் பிரான்ஸ் அரசின் கதையைப் போல வசதியான உதாரணம் வேறில்லை.

முதலில் பிளாக்பெர்ரியைப் பற்றிக் கொஞ்சம். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. கனடாவின் வாட்டர்லூ நகரில் 1984இல் மைக் லசாரிடிஸ், டக்ளஸ் ஃப்ரெகின் என்ற இரண்டு இளைஞர்கள் 'ரிசர்ச் இன் மோஷன்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். லசாரிடிஸ் இஸ்தான்புல்லில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் கனடா போனவர். 1999இல் அவர்களுடைய முதல் பிளாக்பெர்ரி வந்தது. பேசும் வசதிகூட இல்லாத, பேஜர் மாதிரியான கருவி. ஆனால் கட்டை விரல்களால் தட்டச்சு செய்யலாம்; அலுவலக மின்னஞ்சல் தானாகவே வந்து சட்டைப் பைக்குள் விழும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் போன் இணைப்புகள் திணறியபோது பிளாக்பெர்ரிகளில் செய்தி போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களுக்கெல்லாம் அரசே அதை வாங்கிக் கொடுத்தது. போதைப் பொருளான 'கிராக்'கையும் இந்தப் பெயரையும் சேர்த்து 'கிராக்பெர்ரி' என்று கேலி பேசும் அளவுக்குப் போய், 2006இல் அமெரிக்க அகராதி ஒன்று அதை ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது.

அதன் பாதுகாப்பு எப்படி வேலை செய்தது என்பதைச் சொன்னால்தான் பிரெஞ்சுக்காரர்களின் பயம் புரியும். அலுவலகங்களில் ரகசியத் தபால் அனுப்பும் முறை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கடிதத்தை உள் உறையில் வைத்து அரக்கு முத்திரை குத்துவோம். அதை இன்னொரு சாதாரண உறைக்குள் வைத்து, வெளியே முகவரி மட்டும் எழுதுவோம். தபால்காரருக்கு வெளி உறைதான் தெரியும். பிளாக்பெர்ரியும் அப்படித்தான். நிறுவனத்தின் சொந்தக் கட்டடத்தில் உள்ள சர்வரில் செய்தி சங்கேதமாக்கப்பட்டு, ஊழியரின் கையிலுள்ள கருவியில் மட்டுமே பிரிக்கப்படும். திறவுகோல் அந்த இரண்டு முனைகளில்தான். ஆனால் போகிற வழியில் எல்லா உறைகளும் கனடா நிறுவனத்தின் சொந்த நிலையம் ஒன்றைக் கடந்துதான் போக வேண்டும். ஐரோப்பாவின் தபால் போகும் நிலையம் இங்கிலாந்தில் இருந்தது.

இங்கிலாந்து என்றதும் பாரிஸில் புருவம் உயர்ந்தது. அதற்குக் காரணம் பழைய பகை மட்டுமல்ல. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து நடத்திய 'எஷெலான்' என்ற ஒட்டுக்கேட்பு ஏற்பாட்டைப் பற்றி 2001 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றக் குழு ஒன்று அறிக்கையே வெளியிட்டிருந்தது. கருவி கனடாவுடையது, நிலையம் பிரிட்டனில், தாய்ச் சந்தை அமெரிக்காவில். ஐந்தில் மூன்று! வெளியுறவு உளவு நிறுவனத்தில் உயர் பதவி வகித்து, பிறகு பொருளாதார நுண்ணறிவுக்குப் பொறுப்பாக இருந்த அலேன் ழூயியே, ஆபத்து கற்பனையல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். நிறுவனமோ, அமெரிக்க உளவுத்துறையால்கூட எங்கள் செய்தியைப் பிரிக்க முடியாது என்று மறுத்தது.

யார் சொன்னது சரி என்பதைவிட எனக்குச் சுவையாகப்பட்டது அதே செய்தியின் கடைசிப் பகுதி. தடைக்குப் பதிலாக ஊழியர்களுக்கு வேறு கருவிகள் கொடுக்கப்பட்டன. அவை ஒழுங்காக வேலை செய்யவில்லை. பழைய முறைக்குத் திரும்பி வேலை செய்யக் கற்பதில் நேரம் வீணாகிறது என்று அமைச்சக அதிகாரி ஒருவரே நொந்துகொண்டிருந்தார். சிலர் பிளாக்பெர்ரியை ஒளித்து வைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்றும் பத்திரிகையில் வந்தது. அதாவது தடைக்கு முன் யார் யாரிடம் அந்தக் கருவி இருக்கிறது என்பதாவது அரசுக்குத் தெரியும். தடைக்குப் பின் அதுவும் தெரியாது.

அந்தக் காலத்து அலுவலகத் தொலைபேசியில் வட்டமான டயல் இருக்குமே, அதில் ஒரு சின்னப் பூட்டு மாட்டி வைப்பார்கள். வெளியே யாரும் சொந்த போன் செய்யக் கூடாது என்பதற்காக. சாவி மேலாளரின் மேசை இழுப்பறையில். நான் பணிபுரிந்த அலுவலகம் ஒன்றிலும் அது உண்டு. ஒரு வாரத்துக்குள் எல்லாரும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். ரிசீவர் வைக்கும் கொண்டியை எண்ணுக்குத் தகுந்தபடி டக் டக் டக் என்று வேகமாகத் தட்டினால் நம்பர் விழும். ஐந்துக்கு ஐந்து தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. அவசரமாக மருத்துவமனைக்குப் பேச வேண்டியவரும் அப்படித்தான் தட்டினார், சினிமா டிக்கெட்டுக்குப் பேசியவரும் அப்படித்தான் தட்டினார். சாவியைக் கேட்டு வாங்குபவர் மட்டும் குறைந்துபோனார்.

இதே பிளாக்பெர்ரிக்கு 2010இல் நம் டில்லியில் நேர்ந்தது இதற்கு நேர் எதிரான கதை. பாரிஸ், அந்நியர் ஒட்டுக்கேட்க முடியும் என்று பயந்தது. டில்லி, எங்களால் ஒட்டுக்கேட்க முடியவில்லையே என்று கோபப்பட்டது. மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய காலம். உள்துறையின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகஸ்ட் 31க்குள் வழி திறக்காவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்று கெடு வைத்தார்கள். நிறுவனங்களின் மின்னஞ்சலுக்கான திறவுகோல் அந்தந்த நிறுவனங்களிடம்தான் இருக்கிறது, பொதுச் சாவி என்று ஒன்று எங்களிடமே இல்லை என்று கனடாக்காரர்கள் கைவிரித்தார்கள். கெடு தள்ளிப் போடப்பட்டது, பேச்சு நீண்டது, மெசஞ்சர் போன்ற சாதாரணச் சேவைகளுக்கு ஓர் ஏற்பாடு ஆனது. அரக்கு முத்திரை கண்டு ஒருவர் பயப்படுகிறார், வெளி உறை கண்டு இன்னொருவர் பயப்படுகிறார். இருவரும் பார்த்தது ஒரே தபாலைத்தான்.

பிரான்ஸ் அடுத்துச் செய்தது, சொந்தமாக ஒரு போன் செய்வது. தாலெஸ் நிறுவனம் 'தெயோரெம்' என்ற மடக்கு போனைத் தயாரித்தது. ரகசியத் தகுதி பெற்ற உரையாடல்களுக்கே ஏற்றது என்று சான்று பெற்ற கருவி. சுமார் 14,000 கருவிகளுக்கு அரசு ஆணை கொடுத்தது. 2011 வாக்கில் வரத் தொடங்கின. பாதுகாப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இணைப்புக் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவரிடமும் அதே போன் இருந்தால்தான் சங்கேதத்தில் பேசலாம். மின்னஞ்சல், இணையம் எதுவும் கிடையாது. அதற்குள் உலகமெல்லாம் ஐபோனுக்கு மாறிவிட்டது. ஐபோன் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 2007 ஜூன் 29 அன்று. பிளாக்பெர்ரித் தடைச் செய்தி வந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. அமைச்சர்கள் தெயோரெமை மேசையில் வைத்துவிட்டு, ஐபோனைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

2013இல் ஸ்னோடென் வெளியிட்ட ஆவணங்களால் உலகம் கலங்கியபோது, பிரதமர் அலுவலகத்திலிருந்து ஆகஸ்ட் மாதம் மறுபடி ஒரு சுற்றறிக்கை: முக்கிய விஷயங்களைச் சாதாரண ஸ்மார்ட்போனில் பேசாதீர்கள், குறுஞ்செய்தியில் அனுப்பாதீர்கள், தெயோரெமைப் பயன்படுத்துங்கள். அந்தச் சுற்றறிக்கையே ரகசியமாக இருக்கவில்லை. அடுத்த மாதமே ஒரு வார இதழில் வந்துவிட்டது. அக்டோபரில் ஜெர்மன் பிரதமர் மெர்க்கலின் போனையே அமெரிக்கர்கள் கண்காணித்தார்கள் என்ற செய்தி வெடித்தது. பிரெஞ்சுச் செயலகத்தின் பயம் வீண் பயம் அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். கொடுத்த மருந்துதான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், இன்னும் பெரிய விலையுடன். 2009இல் ஒபாமா பதவியேற்றபோது பிளாக்பெர்ரியை விடமாட்டேன் என்று அடம் பிடித்தார். பாதுகாப்பு கூட்டிய ஒன்றை அவருக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் தரப்பு அதேபோல் ஒன்று கேட்டபோது கிடைக்கவில்லை. அவர் வீட்டில் இருந்த தனி சர்வர் வழியாகவே அலுவலக மின்னஞ்சலை நடத்தினார். ஒரே கருவியில் எல்லாம் இருந்தால் வசதி என்பதே பின்னர் அவர் சொன்ன காரணம். அது 2016 தேர்தலில் என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்ததே. அந்தக் கோரிக்கையை மறுத்த அதிகாரிக்கு அன்று மாலை ஒரு ஆபத்தைத் தடுத்துவிட்ட நிம்மதி இருந்திருக்கும்.

இதுவரை சொன்னது அரசின் ரகசியம். ஊழியரின் ரகசியம் என்று இன்னொன்று இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தில் மற்ற நாடுகளைவிட முந்திக்கொண்டார்கள் என்பேன். 2001 அக்டோபர் 2ஆம் தேதி அங்கு மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்று 'நிக்கோன் தீர்ப்பு' என்றே புகழ்பெற்றது. நிக்கோன் நிறுவனம் தன் பொறியாளர் ஒருவரை, அலுவலகக் கணினியில் சொந்த வியாபாரம் பார்த்தார் என்று 1995இல் வேலையைவிட்டு நீக்கியது. ஆதாரம், அவருடைய கணினியில் 'சொந்தம்' என்று பெயரிட்டிருந்த கோப்பு. நீதிமன்றம் சொன்னது இதுதான்: பணி நேரத்தில், பணியிடத்திலும்கூட ஊழியருக்கு அந்தரங்கம் உண்டு, கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தாலும், அவருடைய சொந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்க முதலாளிக்கு உரிமை இல்லை. விதியை மீறியவருக்கும் அந்தரங்கம் உண்டு என்று சொன்ன தீர்ப்பு அது. எனக்குத் தெரிந்த சில மேலாளர்கள் இதைப் படித்தால் மயங்கி விழுவார்கள்.

ஐபோன் வந்த பிறகு இந்தத் தீர்ப்பின் அருமை கூடியது. ஊழியர்கள் தங்கள் சொந்த போனையே அலுவலக வேலைக்கும் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். நிறுவனத்துக்குக் கருவி வாங்கும் செலவு மிச்சம். ஆனால் 2008லிருந்தே அந்த போன்களில் ஒரு வசதி சேர்ந்தது. போன் தொலைந்தாலோ ஊழியர் வேலையை விட்டாலோ, தூரத்திலிருந்தே அதிலுள்ள அத்தனையையும் அழித்துவிடலாம். அலுவலகக் கோப்போடு பேரன் பிறந்த நாள் படங்களும் சேர்ந்து போகும். இதைத் தெரிந்துகொண்ட ஊழியர் என்ன செய்வார்? போன் தொலைந்ததை உடனே சொல்ல மாட்டார். எங்காவது கிடைத்துவிடும் என்று இரண்டு நாள் தேடுவார். திருடனுக்கு அந்த இரண்டு நாள் போதும்.

இதற்கு ஓரளவு நல்ல விடை பிறகு கிடைத்தது. முதலில் பிளாக்பெர்ரிக்காரர்களே 'பேலன்ஸ்' என்ற பெயரில் ஒரே போனை இரண்டு பகுதிகளாகப் பிரித்தார்கள். பின்னர் ஆண்ட்ராய்டிலும் 2015லிருந்து வேலைக்கென்று தனிப் பகுதி வந்தது. எங்கள் புதுச்சேரி தமிழர் பகுதி வீடுகளில் தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, அதையும் தாண்டித்தான் வாசற்கதவு. கணக்குப் பார்க்க வருபவர், வாடகை கேட்டு வருபவர் எல்லாம் திண்ணையோடு சரி. அலுவலகத்துக்கு இப்போது போனில் கிடைத்திருப்பது திண்ணை. அதைப் பெருக்கலாம், பூட்டலாம், வேலையை விட்டுப் போகும்போது காலி செய்து எடுத்துக்கொள்ளலாம். உள்ளே முற்றத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இதைத்தான் வலியுறுத்துகிறது: ஊழியரின் சொந்தக் கருவியில் அவருடைய சொந்தப் பயன்பாட்டுக்குத் தடையாகும் எந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டையும் முதலாளி திணிக்கக் கூடாது.

2017 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை'யையும் இங்கே குறிப்பிட வேண்டும். 50 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், பணி நேரத்துக்குப் பிறகு போனை ஊழியர் எப்படித் தள்ளி வைக்கலாம் என்பதைத் தொழிற்சங்கத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டும். சட்டம் வந்ததும் எல்லாரும் ஆறு மணிக்கு போனை அணைத்துவிட்டார்கள் என்று நம்ப நான் தயாரில்லை.

அரசின் கதைக்குத் திரும்புகிறேன். தடை விதித்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அவர்கள் வழியை மாற்றினார்கள். அமைச்சர்களும் அதிகாரிகளும் வாட்ஸாப்பிலும் டெலிகிராமிலும்தான் அரசாங்கத்தை நடத்திவந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். மக்ரோனின் வட்டமே டெலிகிராமுக்குப் பெயர் போனது. ஆகவே 2019 ஏப்ரலில் அரசே 'ச்சாப்' என்ற செய்திச் செயலியை வெளியிட்டது. வாட்ஸாப் மாதிரியே இருக்கும். சாதாரண போனிலேயே ஓடும். அரசு மின்னஞ்சல் முகவரி உள்ளவர் மட்டும் சேரலாம். வெளியான நாளிலேயே ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அரசு முகவரி இல்லாமலேயே உள்ளே நுழைந்து காட்டினார். சில மணி நேரத்தில் ஓட்டையை அடைத்தார்கள். பத்திரிகைகள் சிரித்தன. என் பார்வையில் சிரிக்க வேண்டியது அதில் அதிகமில்லை. அரசு முதன்முறையாக, ஊழியர் ஏற்கெனவே எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற பொருளைச் செய்து கொடுத்திருந்தது.

2021 ஜூலையில் 'பெகாசஸ்' விவகாரம் வந்தது. உளவு மென்பொருளுக்கான இலக்குகளாக இருக்கக்கூடிய எண்களின் பட்டியலில் மக்ரோனின் எண்ணும் இருந்தது. அவர் போனையும் எண்ணையும் மாற்றினார். 2023 மார்ச் 24 அன்று அரசு ஊழியர்களின் அலுவலக போன்களில் டிக்டாக் உள்ளிட்ட பொழுதுபோக்குச் செயலிகள் தடை செய்யப்பட்டன. இந்த ஆணையில் நான் கவனித்தது, தடை அலுவலகம் கொடுத்த போனுக்கு மட்டும்தான் என்பது. சொந்த போனில் டிக்டாக் பார்ப்பது அவரவர் பாடு. திண்ணை எது, முற்றம் எது என்று அரசுக்கு இப்போது தெரிந்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பிரதமர் எலிசபெத் போர்ன், டிசம்பர் 8க்குள் அமைச்சர்களும் அவர்களின் அலுவலகத்தாரும் வாட்ஸாப், டெலிகிராம், சிக்னல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'ஒல்விட்' என்ற பிரெஞ்சுச் செயலிக்கு மாற வேண்டும் என்று எழுதினார். போன் எண்கூடக் கொடுக்காமல் பயன்படுத்தக்கூடியது அது. ச்சாப்பும் ஆகும் என்று சேர்த்துக்கொண்டார்கள். 2007 சுற்றறிக்கையைப் போல வெறும் 'கூடாது' அல்ல இது. 'இதை விடு, இதை எடு' என்று இருந்தது.

பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கான சேவை 2022 ஜனவரி 4 அன்று நிறுத்தப்பட்டது. எலிசே மாளிகையில் யாராவது அதுவரை மேசை இழுப்பறையில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தால் அன்றோடு அதுவும் ஓய்வு பெற்றிருக்கும்.

2025 ஜூலையில் பிரதமர் பாய்ரு கையெழுத்தில், செப்டம்பர் 1 முதல் அரசு அலுவலகங்களில் செய்திப் பரிமாற்றம் ச்சாப்பில்தான் நடக்க வேண்டும் என்று இன்னொரு சுற்றறிக்கை வந்தது. அப்போது செயலி வெளியாகி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. போர்னின் கடிதத்துக்கு இரண்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. ஆக, இதுவும் இரண்டாம் சுற்றறிக்கைதான்.